ஏற்காடு ஏற ஆர்எக்ஸ் 100: 86-ஆ, 91-ஆ, 95-ஆ? எந்த வருஷத்து வண்டி வாங்கலாம்?

கன்னங்குறிச்சி காற்று

நண்பர்களே, யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று வாங்குவது என்று முடிவாகிவிட்டது. வீட்டிலும் சரி என்றுவிட்டார்கள். ஆபீசுக்குப் போகும் ஸ்கூட்டரை விற்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஆகவே இது ஞாயிற்றுக்கிழமை வண்டி. கோரிமேடு, அடிவாரம், மேலே ஏரிக்கரையில் ஒரு காபி, திரும்ப இறக்கம். சில வாரம் பின்னால் மனைவியும் வருவார்.

மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன்.

அம்மாபேட்டையில் ஒன்று. 1986 மாடல், சுத்த ஜப்பான் இன்ஜின் என்கிறார் விற்பவர். செர்ரி சிவப்பு, புது பெயிண்ட், புது குரோம். 1.65 லட்சம்.

ஆத்தூரில் 1991. எக்ஸ்பேன்ஷன் சேம்பர் (வேகத்துக்கான சைலன்சர்) போட்டது, போர்ட்டிங் (சிலிண்டர் ஜன்னல்களை வெட்டிப் பெரிதாக்குவது) செய்தது, இன்ஜினுக்கு ஆயில் விடும் பம்ப் கழற்றியது. ஒரு கல்லூரிப் பையன் வைத்திருக்கிறான். 85 ஆயிரம்.

ஏற்காட்டிலேயே 1995. காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர் புதிதாக எடுத்து இன்றுவரை கைமாறாத வண்டி. கருப்பு, நன்றாக வெளுத்திருக்கிறது. சில வருஷமாக ஷெட்டிலேயே நிற்கிறது. 1.10 லட்சம் சொல்கிறார்.

எந்த வருஷம் நல்ல வருஷம்? ஆளுக்கொன்று சொல்கிறார்கள், தலை சுற்றுகிறது.

ஜப்பான் காது

யோசிக்கவே வேண்டாம், 86. 1985 நவம்பரில் வண்டி வெளிவந்தபோது ஜப்பானிலிருந்து கிட்டாக வந்த பாகங்களை இங்கே எஸ்கார்ட்ஸ் பூட்டிக் கொடுத்தது. அப்புறம்தான் ஒவ்வொரு பாகமாக உள்நாட்டுத் தயாரிப்புக்கு மாற்றினார்கள். அந்த முதல் சில வருஷத்து வண்டியின் சத்தம் வேறு. ஐட்லிங்கில் நின்றாலே தெரியும், ஓட்டிப் பார்க்கவே தேவையில்லை. 95 எல்லாம் கடைசிக் காலத்து வண்டி. 96 மார்ச்சில் கதையே முடிந்துவிட்டது.

விலை அதிகம் என்றால் பேசிக் குறையுங்கள். நாளைக்கு விற்றாலும் 86-க்குத்தான் ஆள் வருவான்.

குகை ஆர்டி

இவ்வளவு பணம் போடுவதற்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து ராஜ்தூத் 350, அதாவது ஆர்டி, பாருங்கள். ரெண்டு சிலிண்டர், ஆறு கியர். ஆர்எக்ஸ் பொம்மை வண்டி.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

ஆர்டி அண்ணா, உங்களை யாரும் கூப்பிடவில்லை :)

தம்பி கன்னங்குறிச்சி, ஜப்பான் காது சொன்ன சரித்திரத்தில் தப்பில்லை. ஆனால் நீங்கள் வாங்கப்போவது 1986-இல் ஷோரூமில் நின்ற வண்டியை அல்ல, நாற்பது வருஷம் ஓடி வந்த வண்டியை. இந்த நாற்பது வருஷத்தில் அதற்குள் ஜப்பான் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்போம்.

பிஸ்டன், ரிங் பல தடவை மாறியிருக்கும். கன்ராடு, கிராங்க் பேரிங், ரெண்டு பக்க ஆயில் சீல் மாறியிருக்கும், மாறாவிட்டால் இன்னும் மோசம். கிளட்ச் பிளேட் மாறியிருக்கும். கார்புரேட்டர் தேய்ந்து இங்கே யூகால் கம்பெனி செய்த மிக்குனி ஏறியிருக்கும், அல்லது அதற்கும் கீழே ஒரு டூப்ளிகேட். மிச்சம் இருப்பது கிராங்க் கேஸ், கியர் பல்லுகள், ஃபிரேம். சிலிண்டர் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

சிலிண்டரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வருஷத்தைவிட இதுதான் பணம். ஆர்எக்ஸ் 100-இன் போர் (சிலிண்டர் ஓட்டையின் விட்டம்) 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50. தேயத் தேய போர் அடித்து 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவோம். 1.00-க்கு வந்துவிட்டால் அப்புறம் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் இறக்கும் புதுக் குழாய்) தான், அல்லது வேறு சிலிண்டர் தேட வேண்டும். ஸ்லீவ் போடுவதில் இருக்கும் தலைவலி, கலவையும் புகையும் போய்வரும் போர்ட் ஜன்னல்கள். உள்ளே இறக்கும் ஸ்லீவில் அதே உயரம், அதே அகலத்தில் வெட்டினால்தான் நிமிஷத்துக்கு 7,500 சுற்றில் கம்பெனி சொன்ன 11 குதிரைசக்தி வரும். கைப்பழக்கம் இல்லாத ஆள் அரை மில்லி மேலே வெட்டிவிட்டால் வண்டி மேல் சுற்றில் கத்தும், கீழ் சுற்றில் இழுக்காது. ஊசி வளைவில் இழுவை வேண்டியதே கீழ் சுற்றில்தான்.

ஆகவே சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்க்க விடுகிறாரா என்று கேளுங்கள். நாலு நட்டு, பத்து நிமிஷ வேலை. பிஸ்டன் தலையில் ஓவர்சைஸ் நம்பர் பொறித்திருக்கும், கார்பனைத் துடைத்தால் தெரியும். 86 என்று சொல்லிக்கொண்டு உள்ளே 1.00 இருந்தால் அந்த ஜப்பானுக்கு இன்னும் ஒரு ஆயுசு கூடக் கிடையாது. 95-இல் ஸ்டாண்டர்டு அல்லது 0.25 இருந்தால் அது உங்கள் பேரன் வரை ஓடும்.

ஆத்தூர் வண்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். போர்ட்டிங் செய்த சிலிண்டரைத் திரும்ப வளர்க்க முடியாது.

ஜப்பான் காது

பட்டறை அண்ணா, நீங்கள் சொன்ன கிராங்க் கேஸும் கியரும்தானே இன்ஜினின் எலும்பு? ரிங் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். பழைய கியர்பாக்ஸ் விழும் அந்த "டக்" பின்னால் வந்ததில் இல்லை.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

கியர் தேய்வது வருஷத்தால் அல்ல, மிதிக்கிற காலால். 88 வண்டியில் ரெண்டாவது கியர் நழுவுவதையும் பார்த்திருக்கிறேன், 94-இல் வெண்ணெய் போல விழுவதையும் பார்த்திருக்கிறேன்.

சூரமங்கலம் ஃபைல்

பத்திரம், பேப்பர் வேலைதான் நமக்குத் தெரிந்தது. அதிலிருந்து ஒரு கேள்வி. அம்மாபேட்டை வண்டியின் நம்பர் என்ன தொடர்? முழு நம்பர் வேண்டாம், முன் எழுத்துகள் போதும்.

கன்னங்குறிச்சி காற்று

டிஎன் 27, அதற்குப் பிறகு ஒரே ஒரு எழுத்து, பிறகு எண். சேலம் வண்டிதான் சார்.

சூரமங்கலம் ஃபைல்

நினைத்தேன்.

டிஎன் என்று தொடங்கும் நம்பரே 1989 ஜூலையில் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான். அதற்கு முன் எண்பதுகளில் இங்கே பதிவான வண்டிக்கெல்லாம் டி-யில் தொடங்கும் மூன்று எழுத்தும் எண்ணும்தான். அந்த வண்டிகள் இன்றும் அதே பழைய நம்பரில்தான் ஓடுகின்றன. 86-இல் சேலத்தில் பதிவான ஆர்எக்ஸுக்கு டிஎன் 27 கிடைக்க வழியே இல்லை.

வெளி மாநிலத்தில் இருந்து பிற்பாடு கொண்டு வந்து இங்கே மறுபதிவு செய்திருந்தால் கிடைக்கலாம். ஆனால் 27-க்குப் பிறகு ஒற்றை எழுத்து என்றால் அது புது முறையின் ஆரம்பத் தொடர். பெரும்பாலும் 90-ஐ ஒட்டிய ஃபிரேம், அதில் எங்கிருந்தோ வந்த இன்ஜின். ஆர்சியில் உற்பத்தி மாதம் பாருங்கள். அதைவிட முக்கியம், இன்ஜின் கேஸில் குத்தியிருக்கும் நம்பரும் ஹேண்டில் கழுத்தில் குத்தியிருக்கும் சேஸிஸ் நம்பரும் ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். செல்போன் டார்ச் அடித்துப் படம் எடுத்து வையுங்கள். இன்ஜின் மாற்றியிருந்தால் ஆர்சியில் அதற்குப் பதிவு இருக்க வேண்டும். இல்லையென்றால் பெயர் மாற்றும் அன்று இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்கப்போவது விற்றவர் அல்ல, நீங்கள்.

கன்னங்குறிச்சி காற்று

சார், இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஆர்சியில் 1990. இன்ஜின் நம்பர் ஒத்துப்போகவில்லை. கேட்டதற்கு, "அதனாலதாங்க ஜப்பான் இன்ஜின்னு சொன்னேன், ஃபிரேம் ஜப்பான்னு சொல்லலையே" என்றார்.

குகை ஆர்டி

ஆளுக்கு ஒரு சிலை வைக்கலாம்.

ஜப்பான் காது

விற்பவர் ஏமாற்றுவதால் 86 கெட்ட வருஷம் ஆகிவிடாது. நல்ல 86 வேறு இடத்தில் கிடைக்கும். மூன்றெழுத்து நம்பரோடு, நம்பர் ஒத்துப்போகிற வண்டி. காத்திருங்கள் என்கிறேன்.

பகோடா பாயிண்ட் பனி

மேலே குடியிருப்பவன் பேசுகிறேன். எந்த வருஷம் வாங்கினாலும் இந்த மலைக்குச் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இதுவரை யாரும் அதைத் தொடவில்லை.

ஏறும்போது கவலை இல்லை. நூறு கிலோவைச் சற்றே தாண்டும் வண்டி. இருபது ஊசி வளைவிலும் ரெண்டாவதில் திருப்பி மூன்றாவதுக்குத் தட்டிக்கொண்டே போகலாம். ரெண்டு பேர் என்றால் சில வளைவில் ஒன்றாவது கேட்கும். 1,500 மீட்டர் உயரத்துக்கு வரும்போது காற்று மெலிந்து பெட்ரோல்-காற்றுக் கலவையில் பெட்ரோல் கொஞ்சம் கூடும், மேல் சுற்றில் லேசாக அடைத்தாற்போல இருக்கும். சும்மா வந்து போகிறவர் அதற்காக கார்புரேட்டரின் ஜெட்டில் (பெட்ரோல் வரும் துளை) கை வைக்க வேண்டாம். வைத்தால் கீழே சேலத்து வெயிலில் கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.

இறங்கும்போதுதான் சமாச்சாரம். டூ-ஸ்ட்ரோக்கில், ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜினே வேகத்தைப் பிடிக்கும் இன்ஜின் பிரேக்கிங் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முன்னும் பின்னும் டிரம் பிரேக். விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி, கீழ் வளைவுகளில் பிடிமானம் குறையும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். இன்னொன்று, ஆயில் பம்ப் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து திறப்பது. ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு ரெண்டாவது கியரில் இன்ஜின் கத்தக் கத்த இறங்கினால் சுற்று அதிகம், ஆயிலோ ஐட்லிங் அளவு. நடுநடுவே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்க வேண்டும். பம்பைக் கழற்றி பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம், பெட்ரோல் வந்தால்தானே ஆயில் வரும்.

அப்புறம் பனி. இந்த வண்டியின் முன் விளக்கு வெளிச்சம் இன்ஜின் சுற்றோடு ஏறி இறங்கும். மெதுவாகப் போக வேண்டிய இடத்தில்தான் மங்கும். மாலை நாலரைக்கு மேல் கீழே கிளம்பாதீர்கள்.

கன்னங்குறிச்சி காற்று

பனி அண்ணா, இதுதான் எனக்கு வேண்டியது. குப்பனூர் ரோடு வழியாக இறங்கினால் டிரம்முக்குச் சிரமம் குறையுமா?

பகோடா பாயிண்ட் பனி

சுற்று அதிகம், கூட்டம் குறைவு. முதல் சில மாதம் வண்டி பழகும்வரை அதில் இறங்குங்கள். ஞாயிறு மதியம் அடிவாரம் ரோட்டில் வெளியூர்க் கார்கள் வளைவை வெட்டிக்கொண்டு ஏறும்.

ஐந்து ரோடு ஐந்து கியர்

யாரும் ஆர்எக்ஸ் 135 பற்றிப் பேசவில்லையே? 132 சிசி, ஐந்து கியர், ஆர்எக்ஸ் 100-க்குப் பிறகு வந்த வண்டி. மனைவியோடு மலை ஏறுவதற்கு அதுதான் அறிவுள்ள தேர்வு. வருஷமும் இருபது சொச்சம்தான் ஆகிறது, விலையும் ஆர்எக்ஸ் 100-ஐவிடக் குறைவாகக் கிடைக்கும்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

உண்மை. மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் நூறு வேண்டும் என்று வருகிறவரிடம் 135-ஐக் காட்டினால் ஓட்டிப் பார்ப்பார், நல்லாருக்கு என்பார், போய் நூறு வாங்கிக்கொண்டு வருவார். என் பட்டறையில் இது நித்தியம்.

கன்னங்குறிச்சி காற்று

என்னைப் பார்த்த மாதிரியே சொல்கிறீர்கள் அண்ணா.

குகை ஆர்டி

யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், வருஷம் பார்த்து வாங்க வேண்டிய வண்டி ஆர்டிதான். 83-இல் வந்த ஹை டார்க் மாடல் 30.5 குதிரைசக்தி. பிறகு மைலேஜ் மைலேஜ் என்று எல்லோரும் அழுததால் லோ டார்க் என்று 27-க்கு இறக்கினார்கள். அங்கே வருஷம் மாறினால் வண்டியே மாறுகிறது. ஆர்எக்ஸில் 86-க்கும் 95-க்கும் கம்பெனிக் கணக்கில் அதே 98 சிசி, அதே 11 குதிரை, அதே நாலு கியர். வருஷத்துக்காக அரை லட்சம் அதிகம் கொடுப்பவர் எதற்குக் கொடுக்கிறார் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

இந்த இழையில் ஆர்டி அண்ணா சொன்ன முதல் நியாயமான பேச்சு.

ஜப்பான் காது

எதற்குக் கொடுக்கிறோம் என்று கேட்டால் காதுக்குத்தான். காசு கணக்குப் பார்க்கிறவர் ஏன் டூ-ஸ்ட்ரோக் வாங்க வேண்டும்?

சூரமங்கலம் ஃபைல்

95-இன் பேப்பர் நிலவரம் என்ன? அதைச் சொல்லாமல் விலை பேசாதீர்கள்.

கன்னங்குறிச்சி காற்று

நேற்று மேலே போயிருந்தேன். பெரியவர் ஆர்சி புத்தகத்தை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். பழைய இன்சூரன்ஸ், முதல் சர்வீஸ் கூப்பன் எல்லாம் அதே டின்னில். பதிவு 2020-இல் முடிந்திருக்கிறது. அதற்கு மேல் புதுப்பிக்கவில்லை. நம்பர் ரெண்டும் ஒத்துப்போகின்றன, படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பட்டறை அண்ணா சொன்னபடி ஹெட்டைத் திறக்கக் கேட்டேன். பெரியவரே உள்ளே போய் ஸ்பேனர் கொண்டு வந்தார். பிஸ்டன் தலையில் 0.25. சிலிண்டர் சுவரில் நகத்தால் தடவிப் பார்த்தேன், கோடு தட்டுப்படவில்லை, ஒரு பக்கம் மட்டும் லேசாகத் துரு பூத்த மாதிரி ஒரு கறை. ஆயில் பம்ப் இருக்கிறது, ஆயில் டேங்கில் கால்வாசி கருநீலமாக ஏதோ கிடக்கிறது. சைலன்சர் கம்பெனியுடையதுதான், உள்ளே சத்தம் அடக்கும் பேஃபிளும் இருக்கிறது, அது கார்பன் ஏறி இறுகிப்போய் வெளியே வரவில்லை. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாசனை, அடியில் செம்மண் நிறத்தில் படிவு. சீட்டை எலி ஒரு ஓரம் கடித்திருக்கிறது.

கிக்கர் இறங்குகிறது, கம்பிரஷன் காலுக்குத் தெரிகிறது. ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

ஸ்டார்ட் செய்யாமல் வந்ததே நல்லது. நின்றுபோன டூ-ஸ்ட்ரோக்கைப் போனதும் உதைக்கக் கூடாது. கறை இருக்கும் சிலிண்டரில் ரிங் ஏறி இறங்கினால் கோடு விழும். பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற வைத்து, கிராங்க் முனையில் இருக்கும் மேக்னெட்டைக் கையால் சுற்ற வேண்டும்.

வேலை என்னென்ன வரும் என்றால், கிராங்க் ஆயில் சீல் ரெண்டும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டும். நின்றே ரப்பர் கெட்டியாகியிருக்கும். மேக்னெட் பக்கத்து சீல் போனால் காற்றை இழுத்துக் கலவை மெலியும், பிஸ்டன் பிடிப்பதற்கு முதல் காரணம் அதுதான். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளையாகப் புகை தள்ளும். கார்புரேட்டர் முழுசாகப் பிரித்துக் கழுவ வேண்டும், ஒரிஜினல் மிக்குனி என்றால் மாற்றவே மாற்றாதீர்கள். கலவையை உள்ளே விடும் ரீட் வால்வின் இதழ் உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டேங்க் துரு எடுக்க வேண்டும். ஆயில் பம்பில் ஆக்சிலேட்டருக்கேற்ப அடையாளம் இருக்கும், அதை ஒத்து வைக்க வேண்டும், லைனில் காற்று இல்லாமல் எடுக்க வேண்டும். சைலன்சரை நான் எரித்துக் கழுவிக்கொள்கிறேன், அடித்துக் கழற்றாதீர்கள், பேஃபிள் வளைந்துவிடும்.

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஏற்காட்டு ஈரத்தில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு இது ஆகாது. தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலோடு பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டர் பவுலும் டேங்கும் அதில்தான் அரிக்கும். ஞாயிறு மட்டும் ஓட்டுகிறவர் திரும்பியதும் பெட்ரோல் குழாயை மூடி, பவுலில் இருப்பது தீரும்வரை ஐட்லிங்கில் விட்டு நிறுத்த வேண்டும்.

சூரமங்கலம் ஃபைல்

பேப்பர் பக்கம். முதலில் பெரியவர் பெயரிலேயே பதிவைப் புதுப்பித்துவிட்டு, பிறகு பெயர் மாற்றுங்கள். புதுப்பிக்கப் படிவம் 25, பெயர் மாற்ற 29-உம் 30-உம். வண்டியை நேரில் காட்ட வேண்டும், அதற்கு முன் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய டூ-வீலருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்தினார்கள். பசுமை வரி தனி, விட்டுப்போன காலத்துக்கான தொகை தனி. ஆர்டிஓ அலுவலகத்தில் மொத்தம் கேட்டுக்கொண்டு அதை விலையில் கழித்துப் பேசுங்கள். புதுப்பித்தாலும் ஐந்து வருஷத்துக்குத்தான், மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

வின்டேஜ் என்று பதியலாமே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அதற்கு 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும். எந்த ஆர்எக்ஸுக்கும் இன்னும் அந்த வயசு வரவில்லை.

பெரியவர் உடம்பு நன்றாக இருக்கும்போதே கையெழுத்து வேலையை முடியுங்கள். சொல்லக் கூடாதுதான். ஆனால் வாரிசுச் சான்று, எல்லாப் பிள்ளைகளின் சம்மதம் என்று போனால் வருஷக்கணக்கில் இழுக்கும். அந்த வகையில் ஷெட்டிலேயே செத்த வண்டிகள் இந்த மலையில் நிறைய.

ஜப்பான் காது

சரி, 95 என்றே முடிவு செய்துவிட்டீர்கள் போல. ஒன்று மட்டும் கேளுங்கள். பெயிண்ட் அடிக்காதீர்கள். வெளுத்த கருப்பு கம்பெனிக் கருப்பு. டேங்க்கின் பக்கத்துக் கோட்டு ஸ்டிக்கர் அரைகுறையாக இருந்தாலும் விடுங்கள். என்னிடம் 87 இருக்கிறது, எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதைப் பளபளவென்று ஆக்கிவிட்டார். எங்கு நிறுத்தினாலும் ரீபெயின்ட்டா என்றுதான் முதல் கேள்வி.

ஐந்து ரோடு ஐந்து கியர்

95-க்கு 1.10 அதிகம்தான். வேலைக்கு இன்னும் எவ்வளவு போகும் பட்டறை அண்ணா?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

இன்ஜினைத் திறக்காமல் சொன்னால் அது ஜோசியம். கிராங்க் நன்றாக இருந்தால் ஒரு தொகை, கன்ராடு ஆடினால் வேறு தொகை. வண்டியைக் கொண்டு வாருங்கள், பிரித்து மேஜையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

கன்னங்குறிச்சி காற்று

பெரியவரிடம் பேசினேன். பதிவு, வரிச் செலவைச் சொல்லி 90 ஆயிரத்துக்கு இறக்கினார். ஐந்தாயிரம் முன்பணம் கொடுத்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை ஓட்டியே இறங்கிவிடலாமா என்று மச்சான் கேட்கிறான்.

சூரமங்கலம் ஃபைல்

பதிவு காலாவதி, இன்சூரன்ஸ் இல்லை. மச்சானை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

பகோடா பாயிண்ட் பனி

சில வருஷம் நின்ற பிரேக் ஷூவை நம்பி இருபது வளைவா? காய்கறி ஏற்றி வரும் மினி டெம்போ மதியம் காலியாகக் கீழே இறங்கும், ஏரிக்கரை ஸ்டாண்டில் கேளுங்கள். முன் சக்கரத்தை மூலையில் முட்ட வைத்து ஹேண்டிலின் ரெண்டு பக்கமும் கயிறு போடச் சொல்லுங்கள், ஸ்டாண்டில் நிற்க வைத்துக் கொண்டு வராதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

ஏற்றும் முன் பழைய பெட்ரோலை அங்கேயே வடித்துவிடுங்கள். சனி மாலை ஆறு மணி வரை இருப்பேன், அதற்கு மேல் ஆனால் திங்கள். கழற்றிய நட்டு, போல்ட்டு எதையும் பெரியவர் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள், அந்த டின்னையும் கேட்டு வாங்குங்கள்.